வியட்நாம் போகிறோம்: டாலரா, டாங்கா, கார்டா?

புதுகை மலர் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். ஏப்ரல் கடைசியில் பிள்ளைகளுக்குப் பள்ளி முடிந்ததும் குடும்பத்தோடு வியட்நாம் போகிறோம். நான், வீட்டுக்காரர், இரண்டு பிள்ளைகள், என் அப்பா அம்மா, ஆக ஆறு பேர். திருச்சியிலிருந்து நேராக ஹோ சி மின் நகரம். அங்கே இரண்டு மூன்று நாள் இருந்துவிட்டு டா நாங், ஹோய் ஆன் பார்த்துவிட்டு அதே வழியில் திரும்புகிறோம். விமானத்துக்கும் ஓட்டலுக்கும் பணம் கட்டியாயிற்று. சாப்பாடு, டாக்சி, நுழைவுச்சீட்டு, பிள்ளைகள் கேட்பது, அம்மா ஊருக்கு வாங்கி வரும் சாமான், இதுதான் அங்கே போய்ச் செய்கிற செலவு.

எங்களில் யாரும் இதுவரை கடல் தாண்டியதில்லை. பணத்தை எப்படிக் கொண்டுபோவது என்பதில் வீட்டில் ஆளுக்கொரு கருத்து. கையில் ரொக்கம் இருந்தால்தான் தைரியம் என்கிறார் அப்பா. ஐம்பதாயிரம் ரூபாயை இடுப்புப் பையில் கட்டிக்கொண்டு போய் அங்கேயே மாற்றிக்கொள்ளலாம் என்பது அவர் திட்டம். வீட்டுக்காரர் வங்கியில் விசாரித்ததற்கு, வெளிநாட்டுப் பணத்தை முன்கூட்டியே ஏற்றிக்கொள்கிற ஃபாரெக்ஸ் கார்டுதான் நல்லது என்று சொல்லி விண்ணப்பத்தைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பக்கத்து வீட்டு அண்ணன், யுபிஐ இப்போது வெளிநாட்டிலும் வேலை செய்கிறது, ஒன்றும் வேண்டாம் என்கிறார்.

எங்களிடம் இருப்பது: அப்பாவின் ரூபே டெபிட் கார்டு, என்னுடைய விசா டெபிட் கார்டு, வீட்டுக்காரரின் கிரெடிட் கார்டு. வியட்நாம் பணமான டாங் நோட்டைத் திருச்சியிலேயே வாங்கிப் போகலாமா? எவ்வளவு ரொக்கம் வேண்டியிருக்கும்? கார்டு தேய்த்தால் எவ்வளவு பிடிப்பார்கள்? வயதானவர்களோடு போகிறோம். நடுவில் பணம் இல்லாமல் எங்கேயும் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதுதான் என் கவலை. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

வேளச்சேரி தம்பி எழுதியது:

அக்கா, மார்க்கப் (வெளிநாட்டுச் செலவுக்கு வங்கி பிடிக்கும் கூடுதல் கட்டணம்) இல்லாத கிரெடிட் கார்டு ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், வேறு எதுவும் தேவைப்படாது. நான் ஹனோய் போனபோது ஓட்டல், மால், கிராப் டாக்சி எல்லாவற்றுக்கும் கார்டுதான். ரொக்கம் கையில் வைத்துக்கொண்டு சுற்றுவதுதான் ஆபத்து. கிராப் செயலியில் கார்டை இங்கே இருக்கும்போதே சேர்த்துவிடுங்கள். ஓடிபி வரும், அங்கே போய்ச் சேர்க்கப் பார்த்தால் சிம் தகராறு.

உறையூரான் எழுதியது:

மலர், வணக்கம்மா. திருச்சியில் ஒரு மணி சேஞ்சர் கடையின் கவுண்டரில் உட்கார்ந்தே தலை நரைத்தவன் நான். இப்போது ஓய்வு. 2023 நவம்பரில் இங்கிருந்து ஹோ சி மின்னுக்கு நேரடி விமானம் வந்த பிறகு, மணப்பாறை, கீரனூர், பட்டுக்கோட்டை என்று சுற்றுப்பக்கத்திலிருந்து முதல் தடவை பாஸ்போர்ட் எடுத்த குடும்பங்கள் எங்கள் கடைக்கு வர ஆரம்பித்தார்கள். அவர்கள் திரும்பி வந்து சொன்னதையும், நானும் வீட்டுக்காரியும் போய்ப் பார்த்ததையும் வைத்து எழுதுகிறேன். நீளமாகத்தான் இருக்கும்.

முதலில் அப்பா திட்டம். ரூபாய் நோட்டை ஒருவர் 25,000 வரைக்கும்தான் இந்தியாவை விட்டு வெளியே கொண்டுபோகலாம், அதற்கு மேல் கொண்டுபோவது விதிமீறல். அது போக, ரூபாய் நோட்டுக்கு வியட்நாமில் நல்ல விலை கிடைக்காது. எடுக்கிற கடையைத் தேடி வயதான மனிதர் வெயிலில் அலைய வேண்டாம். திரும்பி வந்து திருச்சி விமான நிலையத்திலிருந்து வீடு போய்ச் சேர மூன்று நான்காயிரம் ரூபாய் போதும். ஆனால் கையில் ரொக்கம் வேண்டும் என்று அப்பா சொல்கிறாரே, அது சரியான பேச்சு. அந்த ரொக்கம் டாலராக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

டாங்கை இங்கே வாங்காதீர்கள். இங்கே அதற்கு ஓட்டம் கிடையாது. கேட்டால் வரவழைத்துத் தருவார்கள், ஆனால் வரவழைத்த செலவு, விற்காமல் தங்கினால் வரும் நஷ்டம் எல்லாம் விலையில் ஏறியிருக்கும். அமெரிக்க டாலர் வாங்குங்கள், அதுவும் நூறு டாலர் நோட்டாக. அங்கே ஐம்பது, இருபது நோட்டுக்கு நூறைவிடக் குறைந்த விலை போடும் கடைகள் உண்டு.

நோட்டைப் பார்த்து வாங்குவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவதிப்பட்டு வந்தவர்களில் பாதிப் பேருக்கு இதில்தான் கோளாறு. 2013-ல் வெளிவந்த புது நூறு டாலரின் நடுவில் நீல நிறப் பட்டை ஒன்று இழையாக ஓடும். நோட்டை முன்னும் பின்னும் சாய்த்துப் பாருங்கள், பட்டைக்குள் இருக்கும் மணி உருவங்கள் 100 என்ற எண்ணாக மாறும். பக்கத்திலேயே செம்பு நிறத்தில் ஒரு மைக்கூடும், அதற்குள் ஒரு மணியும் இருக்கும். சாய்த்தால் அந்த மணி பச்சையாகும். இது இருக்கிற நோட்டாகவே கேளுங்கள். பட்டை இல்லாத பழைய நோட்டு செல்லாது என்றில்லை, ஆனால் ஆசிய நாடுகளில் பல கவுண்டர்களில் திருப்பித் தள்ளுவார்கள், இல்லையென்றால் விலையைக் குறைப்பார்கள். ஓரம் கிழிசல், பேனாக் கோடு, ரப்பர் ஸ்டாம்ப் முத்திரை, நடுவில் ஆழமான மடிப்பு எதுவும் இருக்கக் கூடாது. இருந்தால் கவுண்டரிலேயே "வேற நோட்டு கொடுங்க" என்று சொல்லுங்கள். கூச்சப்பட ஒன்றுமில்லை, விலை கொடுத்துத்தானே வாங்குகிறீர்கள். வாங்கியதை வெற்றிலை மாதிரி மடித்துச் சுருட்டி வைக்காமல், ஒரு நோட்டுப் புத்தகத்துக்குள் தட்டையாக வையுங்கள்.

கடைக்குப் போகும்போது பாஸ்போர்ட், விசா, டிக்கெட், பான் கார்டு எடுத்துப் போங்கள். 50,000 ரூபாய்க்கு மேல் போனால் ரொக்கமாக வாங்க மாட்டார்கள், வங்கிக் கணக்கிலிருந்து அனுப்ப வேண்டும். ஒருவர் ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரை நோட்டாக வாங்கலாம், உங்களுக்கு அதில் பாதிகூட வேண்டாம்.

விலை கேட்கும்போது "இன்னிக்கு டாலர் என்ன ரேட்?" என்று கேட்காதீர்கள். "800 டாலருக்கு எல்லாம் சேர்த்து என் கையிலிருந்து எவ்வளவு போகும்?" என்று கேளுங்கள். ரேட்டைக் குறைத்துச் சொல்லிவிட்டு சேவைக் கட்டணம் என்று பில்லில் சேர்க்கிற இடங்கள் உண்டு. ஜிஎஸ்டி பெரிய தொகை இல்லை. ஒரு லட்சம் ரூபாய்க்குள் வாங்கினால் மொத்தத்தில் 0.18 சதவீதம், குறைந்தது 45 ரூபாய். 75,000-க்கு 135 ரூபாய்தான் வரும். அதைவிடப் பெரிதாக ஏதாவது எழுதியிருந்தால் என்னவென்று கேளுங்கள். மொத்தத் தொகையை இரண்டு மூன்று கடைகளில் கேட்டு ஒப்பிட்டுப் பாருங்கள். விமான நிலையத்தில் வாங்கிக்கொள்ளலாம் என்று மட்டும் விட்டுவிடாதீர்கள். புறப்படுகிற அவசரத்தில் இருப்பவரிடம் பேரம் செல்லாது என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும்.

அடுத்து ஃபாரெக்ஸ் கார்டு. சிங்கப்பூர், ஐரோப்பா, அமெரிக்கா போகிறீர்கள் என்றால் நானே வாங்கச் சொல்லுவேன். அந்தந்த நாட்டுப் பணத்தையே அதில் ஏற்றிவிடலாம், விலை அன்றைக்கே பூட்டிவிடும். வியட்நாமுக்கு அது பொருந்தாது. வங்கியில் ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: "இதில் டாங் ஏற்ற முடியுமா?" முடியாது. டாலரை ஏற்றிவிட்டு அங்கே டாங்கில் செலவழித்தால், ஒவ்வொரு தேய்ப்புக்கும் டாலரை டாங்காக மாற்றுவதற்கு கிராஸ் கரன்சி கட்டணம் என்று தனியாகப் பிடிப்பார்கள், பல கார்டுகளில் அது 3.5 சதவீதம் வரை போகும். டாலர் நோட்டும் இரண்டு தடவை மாறுகிறதே என்று கேட்கலாம். மாறுகிறதுதான். ஆனால் வியட்நாமில் டாலர் நோட்டை டாங்காக மாற்றும் கடைகளுக்குள் போட்டி அதிகம், வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் இடைவெளி மிகக் குறைவு. அதனால்தான் அந்த நாட்டுக்கு நோட்டே மேல் என்கிறேன்.

யுபிஐயும் அப்படித்தான். சிங்கப்பூர், இலங்கை, மொரிஷியஸ், நேபாளம், பூட்டான், அமீரகம், பிரான்ஸ் என்று சில நாடுகளில் வழி செய்திருக்கிறார்கள். வியட்நாமில் தள்ளுவண்டிக் கடையில்கூட க்யூஆர் அட்டை தொங்கும், பார்த்ததும் நம் செல்போனை நீட்டத் தோன்றும். அது அந்த ஊர் வங்கிக் கணக்குக்கானது. அதை நம்பிப் பயணம் வைக்காதீர்கள்.

இனி கார்டு. வேளச்சேரித் தம்பி சொன்னதில் பாதி சரி. மார்க்கப் இல்லாத கார்டு கிடைத்தால் அருமை. ஆனால் கார்டு மட்டும் போதாது தம்பி, வயதானவர்களை வைத்துக்கொண்டு, தெருவோரக் கடையில் இளநீர் வாங்க வேண்டியிருக்கும், சந்தையில் கழிப்பறைக்குக் காசு கொடுக்க வேண்டியிருக்கும். சாதாரண கிரெடிட் கார்டில் மார்க்கப் 3.5 சதவீதம், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 4.13. பத்தாயிரம் ரூபாய்ச் செலவுக்கு 413 ரூபாய். பெரிய நுழைவுச்சீட்டு, ஓட்டலில் முன்பணம் பிடிப்பது, இதற்கெல்லாம் கொடுக்கலாம், தவறில்லை. ஓட்டலில் முன்பணத்துக்கு மட்டும் டெபிட் கார்டைக் கொடுக்காதீர்கள். பிடித்து வைத்த தொகை கணக்குக்குத் திரும்ப நாளாகும், அந்தப் பணம் உங்கள் கைக்கு உதவாது. கிரெடிட் கார்டைப் போட்டு ஏடிஎம்மில் பணம் எடுக்கவே எடுக்காதீர்கள், எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும்.

2020-லிருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி புதுக் கார்டுகள் உள்நாட்டுக்கு மட்டும்தான் திறந்திருக்கும். வெளிநாட்டு உபயோகத்தை நாம்தான் செயலியில் திறந்துவிட வேண்டும். ஏடிஎம், கடை, ஆன்லைன் மூன்றுக்கும் தனித்தனிப் பொத்தான், தனித்தனி உச்சவரம்பு. ஆன்லைன் வரம்பைக் குறைத்து வையுங்கள், வெளிநாட்டுத் தளங்கள் பலவற்றில் ஓடிபி கேட்காமலேயே பணம் போய்விடும். கார்டு ஓடுகிறதா என்று இங்கேயே பார்க்க ஒரு வழி இருக்கிறது. வியட்நாம் இ-விசாவுக்கு ஒருவருக்கு 25 டாலர் அரசு இணையதளத்தில் கட்டப் போகிறீர்கள் அல்லவா? ஒருவருக்கு ஒரு கார்டில், இன்னொருவருக்கு இன்னொரு கார்டில் கட்டிப் பாருங்கள். எது தடுக்கிறது என்று வீட்டிலேயே தெரிந்துவிடும். இதில் ஆன்லைன் பொத்தான் மட்டும்தான் சோதனையாகும், மற்ற இரண்டையும் செயலியில் கண்ணால் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்பாவின் ரூபே கார்டு வெளிநாட்டில் ஓடும் ரகமா என்று பாருங்கள். டிஸ்கவர், டைனர்ஸ், ஜேசிபி சின்னம் ஏதாவது இருக்க வேண்டும். இல்லையென்றால் வீட்டிலேயே இருக்கட்டும். இருந்தாலும் அதை ஒன்றையே நம்ப வேண்டாம்.

கடைசியாக ஒன்று, இதை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள். கடையில் கார்டு போடும் கருவியில் சில சமயம் இரண்டு தொகை வரும். மேலே விஎன்டி என்று டாங்கில், கீழே ஐஎன்ஆர் என்று ரூபாயில். தெரிந்த பணம் என்பதால் நம் கை ரூபாய்ப் பக்கம்தான் போகும். போகக் கூடாது. அந்த ரூபாய்த் தொகையை அங்கே இருக்கிற கம்பெனி தன் லாபத்தையும் சேர்த்துப் போட்டிருக்கும். வெளிநாட்டில் ரூபாயில் தேய்த்ததற்காக நம் வங்கிகள் பலவும் அதற்கு மேல் ஒரு சதவீத அளவுக்குத் தனியாகப் பிடிக்கும். எப்போதும் டாங்கையே தேர்ந்தெடுங்கள். கடைக்காரப் பெண் தானே அழுத்தப் போனால் "டாங், டாங்" என்று சொல்லுங்கள், புரிந்துகொள்வார். ஏடிஎம்மிலும் இதே கேள்வி வரும், "கன்வர்ஷன்" ஏற்கிறாயா, மறுக்கிறாயா என்று. மறுத்தால் பணம் வராதோ என்று பயந்து ஏற்றுக்கொண்டவர்கள் நிறையப் பேர். மறுத்தாலும் பணம் வரும். அவர்கள் சொன்ன மாற்று விலையை மட்டும்தான் மறுக்கிறோம்.

புதுகை மலர் எழுதியது:

ஐயா, இவ்வளவு பொறுமையாக யாரும் சொன்னதில்லை. அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "ரொக்கம் சரியான பேச்சு" என்ற வரியை இன்னொரு தடவை படிக்கச் சொன்னார்.

800 டாலர் என்று எழுதியிருக்கிறீர்களே, ஆறு பேருக்கு அது காணுமா? அதை யார் யார் கையில் வைப்பது? அங்கே இறங்கியதும் எங்கே மாற்றுவது? நகைக்கடையில்தான் நல்ல விலை என்று யூடியூபில் சொல்கிறார்கள்.

சைகோன்வாசி எழுதியது:

மலர், நான் வீட்டுக்காரரின் வேலையால் ஹோ சி மின் நகரில் குடியிருக்கிறேன். ஊரில் எல்லோரும் இன்னும் சைகோன் என்றுதான் சொல்கிறோம். மாற்றுகிற இடம் பற்றி நான் சொல்லலாம்.

விமான நிலையத்தில் வெளியே வரும் வழியில் வரிசையாக வங்கிக் கவுண்டர்கள் இருக்கும். இந்திய விமான நிலையங்களை வைத்துப் பயப்பட வேண்டாம், இங்கே விலை அவ்வளவு மோசமில்லை. முதல் நாளுக்கு ஒரு நூறு டாலர் அங்கே மாற்றுங்கள். இரண்டு மூன்று கவுண்டர் விலைப்பலகையைப் பார்த்துவிட்டு மாற்றுங்கள், கமிஷன் உண்டா என்று கேளுங்கள். மீதியை ஊருக்குள் வந்து மாற்றலாம்.

நகைக்கடையில் விலை நன்றாக இருக்கும் என்பது உண்மை. பென் தான் சந்தையைச் சுற்றி அப்படிப்பட்ட கடைகள் இருக்கின்றன. ஆனால் உரிமம் உள்ள கடையாக இருக்க வேண்டும். 2018-ல் கான் தோ நகரில் ஒரு எலக்ட்ரீஷியன் உரிமம் இல்லாத நகைக்கடையில் 100 டாலர் மாற்றியதற்காக 9 கோடி டாங் அபராதம் போட்டார்கள். நாடு முழுக்கப் பேச்சாகி, பிறகு அதைத் தள்ளுபடி செய்தார்கள். நாணய மாற்று உரிமம் என்ற பலகை இருக்கிறதா, ரசீது தருகிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சந்தேகமாக இருந்தால் வங்கிக் கிளைக்குள் போய் மாற்றுங்கள், பாஸ்போர்ட் கேட்பார்கள், அவ்வளவுதான். தெருவில் தானாக வந்து "டாலர், டாலர்" என்று கேட்பவரிடம் பேச்சே கொடுக்காதீர்கள்.

நீங்கள் சொன்ன தேதியில் ஒரு விஷயம் இருக்கிறது. ஏப்ரல் 30, மே 1 இரண்டும் இங்கே அரசு விடுமுறை. வங்கிகள் மூடியிருக்கும், ஊரே கிளம்பி டா நாங் கடற்கரைக்குப் போகும், ஏடிஎம்களில் வரிசை நிற்கும், சிலவற்றில் பணம் தீர்ந்தும் போகும். அந்த நாட்களுக்கு வேண்டியதை 29-ஆம் தேதிக்குள் மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் நோட்டு. இதுதான் வந்தவர்கள் எல்லோரும் தடுமாறுகிற இடம். எல்லா நோட்டிலும் ஹோ சி மின் படம்தான், சைபர் கணக்கு வேறு. ஐந்து லட்சம் நோட்டும் நீலம், இருபதாயிரம் நோட்டும் நீலம். இருட்டில், டாக்சிக்குள், அவசரத்தில் ஒன்றை ஒன்றாக நினைத்துக் கொடுத்துவிடுவார்கள். இருபதாயிரம் என்பது எழுபது ரூபாய், ஐந்து லட்சம் என்பது ஆயிரத்து எழுநூறு ரூபாய்க்கு மேல். நான் ஊரிலிருந்து வருபவர்களுக்குச் சொல்வது இதுதான்: ஐந்து லட்சம் நோட்டுகளைத் தனி உறையில் போட்டுப் பைக்குள் வைத்துவிடுங்கள், கைப்பர்சில் சின்ன நோட்டு மட்டும் இருக்கட்டும். கொடுக்கும்போது சைபரை எண்ணிக் கொடுங்கள். அப்பா அம்மாவுக்கு முதல் நாள் ராத்திரி ஓட்டல் அறையில் கட்டிலில் எல்லா நோட்டையும் பரப்பி வைத்துக் காட்டிவிடுங்கள்.

விலைப்பலகையில் 50 என்று போட்டிருந்தால் ஐம்பதாயிரம். சில இடத்தில் பின்னால் கே என்ற எழுத்து இருக்கும், சில இடத்தில் இருக்காது. டாக்சி மீட்டரிலும் கடைசி சைபர்களைக் காட்ட மாட்டார்கள், 85 என்றால் 85,000. நம் கணக்குக்கு, மூன்று சைபரை மறைத்துவிட்டு மீதியை மூன்றரையால் பெருக்குங்கள். ஒரு லட்சம் டாங் என்றால் நூறு பெருக்கல் மூன்றரை, ஏறத்தாழ 350 ரூபாய். பிள்ளைகள் இரண்டே நாளில் உங்களைவிட வேகமாகப் போடுவார்கள்.

காலையில் சின்னக் கடையில் போய் ஐந்து லட்சத்தை நீட்டினால் சில்லறை இருக்காது. சூப்பர் மார்க்கெட்டில் தண்ணீர் பாட்டில் வாங்கி உடைத்துக்கொள்ளுங்கள். சில கடைகளில் கார்டு கொடுத்தால் இரண்டு மூன்று சதவீதம் கூடுதலாகக் கேட்பார்கள், அங்கே ரொக்கம் கொடுப்பதே லாபம்.

பென் தான் சந்தையிலிருந்து நடக்கிற தூரத்தில், துரூங் தின் தெருவில் மாரியம்மன் கோவில் இருக்கிறது. அந்தக் காலத்தில் இங்கே தொழில் செய்ய வந்த நம் ஆட்கள் எழுப்பிய கோவில், இப்போது வியட்நாம்காரர்கள்தான் அதிகம் வந்து கும்பிடுகிறார்கள். அம்மாவை அவசியம் கூட்டிப் போங்கள். உண்டியலுக்குப் பத்தாயிரம், இருபதாயிரம் நோட்டுகளாக எடுத்துப் போங்கள்.

உறையூரான் எழுதியது:

சைகோன்வாசி அம்மா சொன்ன அந்த விடுமுறை எனக்கே நினைவு வரவில்லை. மலர், அதைக் கட்டாயம் குறித்துக்கொள்ளுங்கள்.

800 டாலர் என்பதை நான் போட்ட விதம் இது. ஓட்டலில் காலைச் சாப்பாடு சேர்ந்திருக்கும் என்று எடுத்துக்கொண்டேன். ஆறு பேருக்கு இரண்டு வேளைச் சாப்பாடு, தண்ணீர், காபி, இரண்டு மூன்று டாக்சி, இதற்கு ஒரு நாளைக்கு இருபத்தைந்து லட்சம் டாங் வைத்துக்கொண்டால் தாராளம். நம் பணத்தில் எட்டாயிரத்து எழுநூறுக்குக் கொஞ்சம் மேல், நூறு டாலருக்குள். ஒரு வாரத்துக்கு 700, கையிருப்பு 100. டா நாங் பக்கத்தில் இருக்கும் பா நா மலைச் சுற்றுலா இடம் போன்ற பெரிய நுழைவுச்சீட்டுகளுக்குக் கார்டு. அம்மா நிறையச் சாமான் வாங்குவார் என்றால் இன்னொரு நூறு சேருங்கள். அதற்கு மேல் ரொக்கம் எடுத்துப் போவதில் எனக்கு உடன்பாடில்லை. 5,000 டாலருக்கு மேலோ, ஒன்றரைக் கோடி டாங்குக்கு மேலோ இருந்தால் அவர்கள் சுங்கத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும், உங்களுக்கு அந்தப் பேச்சே வராது.

யார் கையில் என்று கேட்டீர்கள். பாதி உங்களிடம், பாதி அப்பாவிடம். இதை நான் யோசித்துத்தான் சொல்கிறேன். பெரியவர்களைக் கூட்டிப் போகும்போது பிள்ளைகள் எல்லாப் பணத்தையும் தாங்களே வைத்துக்கொள்கிறார்கள், பெரியவர் ஒரு டீக்குக்கூடப் பெண்ணையோ மாப்பிள்ளையையோ கேட்க வேண்டியிருக்கிறது. எங்கள் கவுண்டருக்குத் திரும்பி வந்த பெரியவர்கள் இதை வருத்தத்தோடு சொல்லிக் கேட்டிருக்கிறேன். அப்பாவுடைய இடுப்புப் பை சட்டைக்கு உள்ளே இருக்கட்டும், அதில் டாலரும் பாஸ்போர்ட்டும். தினம் காலையில் அவர் சட்டைப்பைக்கு ஐந்தாறு லட்சம் டாங் சின்ன நோட்டாகக் கொடுத்துவிடுங்கள். நடுத்தெருவில் இடுப்புப் பையைத் திறக்க வேண்டிய தேவையே வராது.

கார்டுகளையும் பிரியுங்கள். உங்கள் டெபிட் கார்டு உங்களிடம், கிரெடிட் கார்டு வீட்டுக்காரரிடம், ஒரே பையில் இரண்டும் வேண்டாம். கார்டின் பின்னால் இருக்கும் 1800 எண்ணை வெளிநாட்டிலிருந்து கூப்பிட்டால் பெரும்பாலும் போகாது. வெளிநாட்டிலிருந்து கூப்பிட என்று வங்கி தனியாக ஒரு எண் கொடுத்திருக்கும், அதைச் சாதாரணக் காகிதத்தில் எழுதி ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளுங்கள். செல்போன் தொலைந்தாலும் அது கையில் இருக்கும். ஓடிபி வருகிற சிம்மில் ரோமிங் திறந்திருக்கிறதா என்று கிளம்புவதற்கு முன்பே பாருங்கள்.

அவசரத்துக்கு ஏடிஎம்மில் எடுப்பது என்றால் உங்கள் விசா டெபிட் கார்டில் எடுங்கள், வங்கிக் கிளையை ஒட்டிய இயந்திரத்தில். நம் வங்கியும் பிடிக்கும், அந்த ஊர் வங்கியும் பிடிக்கும் என்பதால் சிறிது சிறிதாக எடுக்காமல் ஒரே தடவையில் எடுங்கள். இருப்பு எவ்வளவு என்று அதில் தட்டிப் பார்க்காதீர்கள், அதற்கும் கட்டணம் உண்டு.

புதுகை மலர் எழுதியது:

உங்கள் பதிலை அப்பாவே எழுத்துக் கூட்டாமல் செல்போனில் படித்தார். ஒன்றும் பேசவில்லை, போய்ப் பீரோவிலிருந்து இடுப்புப் பையை எடுத்து அளவு பார்த்துக்கொண்டிருக்கிறார். ரொம்ப நன்றி ஐயா. சைகோன் அக்காவுக்கும் நன்றி, கோவிலுக்குக் கட்டாயம் போவோம்.

ஒரே ஒரு கேள்வி பாக்கி. மீந்து போனால் என்ன செய்வது? அப்புறம் திருச்சியில் எந்தக் கடை என்று சொல்ல முடியுமா?

உறையூரான் எழுதியது:

மீந்த டாங்கை இந்தியாவுக்குக் கொண்டுவராதீர்கள், இங்கே யாரும் நல்ல விலைக்கு எடுக்க மாட்டார்கள். கடைசி நாளில் ஓட்டல் பில், டாக்சி என்று ரொக்கமாகவே தீர்த்துவிடுங்கள். அப்படியும் நின்றால் விமான நிலையத்தில் பாஸ்போர்ட் சோதனைக்கு உள்ளே போவதற்கு முன்னாலேயே டாலராக மாற்றிவிடுங்கள். அதற்கு முதலில் மாற்றிய ரசீதைக் கேட்கக்கூடும், அதனால் ரசீது எதையும் கசக்கிப் போடாதீர்கள்.

டாலர் மீந்தால் பயமில்லை. 2,000 டாலர் வரை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம், காலக்கெடு கிடையாது. அதற்கு மேல் இருந்தால்தான் திரும்பிய 180 நாளுக்குள் விற்க வேண்டும். உடனே கொண்டுபோய் விற்றால் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியில் உங்களுக்குத்தான் நஷ்டம். ஒன்றிரண்டு நூறு நோட்டு மீந்தால் அடுத்த பயணத்துக்கு இருக்கட்டும். வீடு வந்ததும் கார்டுகளின் வெளிநாட்டுப் பொத்தானை மட்டும் மறக்காமல் மூடிவிடுங்கள்.

கடைப் பெயரைப் பொதுவில் எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன். நான் வேலை பார்த்த இடம் என்பதால் விளம்பரம் மாதிரி ஆகிவிடும். மேலப்புலிவார்டு ரோடு, கண்டோன்மென்ட் பக்கம் இரண்டு மூன்று இடத்தில் மொத்தத் தொகை கேட்டுப் பாருங்கள், ரிசர்வ் வங்கி உரிமம் மாட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். பயணத்துக்கு ஒரு வாரம் முன்னதாக, வார நாளில் காலையில் போங்கள். விடுமுறைக் கூட்டம் ஆரம்பித்துவிட்டால் சாயங்காலத்துக்குள் நல்ல நூறு டாலர் நோட்டு தீர்ந்துவிடும், இருபதும் ஐம்பதுமாகத்தான் கிடைக்கும்.